நாலு சக்கரமும் இழுக்க வேண்டும்: டிராக்டர், ஸ்பேனர், கொஞ்சம் வரலாறு

கராடியில் 'ஃபோர் வீல் டிரைவ்' என்று சொன்னால் ஐ.டி. பார்க் வாசலில் வரிசையாக நிற்கும் பெரிய கார்கள்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். வாழ்நாளில் ஒரு தடவைகூட சேற்றைப் பார்க்காத ஃபோர் வீல் டிரைவ்கள் அவை. நாலு சக்கர இழுவை உண்மையில் யாருக்குத் தேவை, அது கெட்டால் யார் தலையில் விடிகிறது என்பதுதான் இன்றைய விஷயம்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஓடும் நகர் ரோட்டிலேயே கிழக்கே போனால் வாகோலி, லோணிகந்த், கோரேகாவ் பீமா, அப்புறம் சணஸ்வாடி. கராடியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். அங்கேதான் ஜான் டீர் டிராக்டர் தொழிற்சாலை இருக்கிறது. எல் அண்ட் டி நிறுவனத்துடன் கூட்டாக ஆரம்பித்து 2000 வாக்கில் டிராக்டர்கள் வெளியே வரத் தொடங்கின. 2005இல் அமெரிக்க நிறுவனம் முழுசாக வாங்கிக்கொண்டது. ஒரு காலத்தில் வயலாக இருந்த கராடி கண்ணாடிக் கட்டடங்களாக மாற, அதே ரோட்டில் வயலுக்கான வண்டிகள் லாரி லாரியாகப் போகின்றன. வேடிக்கைதான்.

நான் பி.காம். படித்த வங்கிக்காரன். எஞ்சினுக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம் கடன் விண்ணப்பத்தில் எஞ்சின் எண்ணைச் சரிபார்ப்பதோடு முடிந்துவிடும். ஆனால் டிராக்டர் கடன் ஃபைல்களைப் பல வருஷம் பார்த்தவன் என்கிற முறையில் ஒன்று சொல்ல முடியும். தவணை தவறும்போது எல்லோரும் மழையைத்தான் குற்றம் சொல்வார்கள். உட்கார்ந்து பேசினால் பாதிக் கதை வேறு மாதிரி இருக்கும். "சார், வண்டி படுத்திடுச்சு." அவ்வளவுதான். வண்டி படுத்தால் உழவு படுக்கும், வாடகை ஓட்டம் படுக்கும், தவணையும் படுக்கும். எனவே ரிப்பேர் என்பது மெக்கானிக் சமாச்சாரம் மட்டுமில்லை. அது ஒரு பொருளாதார வரலாறு.

ஒரே ஒரு ஸ்பேனர்

கதையை அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசனிடமிருந்து தொடங்க வேண்டும். டிராக்டருக்குப் பின்னால் மூன்று புள்ளிகளில் கலப்பையைப் பூட்டி, ஹைட்ராலிக் மூலம் தூக்கி இறக்கும் ஏற்பாட்டை உருவாக்கியவர். இன்று உலகம் முழுக்க எந்த டிராக்டரின் பின்னால் பார்த்தாலும் அந்த மூன்று புள்ளி இணைப்பு இருக்கும். 1938இல் ஹென்றி ஃபோர்டுடன் கை குலுக்கி ஒரு ஒப்பந்தம் செய்தார். பத்திரம் கித்திரம் எதுவும் கிடையாது. (பத்திரம் இல்லாத ஒப்பந்தம் எப்படி முடியும் என்று வங்கிக்காரனைக் கேட்க வேண்டியதில்லை. 1948இல் கோர்ட்டுக்குப் போய், 1952இல் 92 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குச் சமரசம் ஆனது.)

அவருடைய டி.இ. 20 டிராக்டர் 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரியில் தயாரானது. மொத்தம் 5 லட்சத்துக்கும் மேல். அதில் எனக்குப் பிடித்த விஷயம், வண்டியோடு கொடுத்த ஸ்பேனர். விவசாயி வயலில் செய்ய வேண்டிய பெரும்பாலான சரிக்கட்டல்களுக்கு அந்த ஒரே ஸ்பேனர் போதும் என்கிற மாதிரி நட்டு, போல்ட்டுகளின் அளவை வைத்திருந்தார்கள். ஸ்பேனரின் உடம்பிலேயே அங்குலக் குறிகள் இருக்கும். கலப்பையைச் சரி செய்யும்போது அதையே அளவுகோலாகவும் வைத்துக்கொள்ளலாம். 'இந்த வண்டியை நீயே கழற்றலாம், நீயே மாட்டலாம்' என்று தயாரித்தவனே சொல்லிக் கொடுத்த மாதிரி.

இந்த வம்சம்தான் நம் ஊருக்கும் வந்தது. 1960இல் சென்னையில் அமால்கமேஷன்ஸ் குழுமம் 'டாஃபே'யை மாஸ்ஸி ஃபெர்குசன் கூட்டுறவோடு தொடங்கியது. எஞ்சின், அதே குழுமத்தின் செம்பியம் சிம்ப்சன் கம்பெனியிலிருந்து. தமிழ்நாட்டுக் கிராமங்களில் 'மாஸி' என்று செல்லப் பெயரோடு சிவப்பு வண்டி நுழைந்தது இப்படித்தான்.

கடனில் வந்த இரும்பு

அதற்கு முன்னாலும் இந்தியாவில் டிராக்டர் இருந்தது, ஆனால் விவசாயியிடம் இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவம் விட்டுப்போன டிராக்டர்களை வைத்து மத்திய அரசு 'சென்ட்ரல் டிராக்டர் ஆர்கனைசேஷன்' என்று ஓர் அமைப்பை நடத்தியது. மத்திய இந்தியாவில் 'கான்ஸ்' என்கிற நாணல் வகைப் புல் லட்சக்கணக்கான ஏக்கரைப் பிடித்துக்கொண்டிருந்தது. மாட்டுக் கலப்பைக்கு அசையாத ஆழத்தில் வேர். அதைக் கிண்டி எடுக்கத்தான் இந்தப் படை.

இதில் வங்கிக்காரர்களுக்கு ஒரு சுவாரசியம் உண்டு. உலக வங்கி இந்தியாவுக்குக் கொடுத்த முதல் கடன் 1949 ஆகஸ்டில் ரயில்வேக்கு. இரண்டாவது கடன், அடுத்த மாதமே, 1 கோடி டாலர். எதற்கு? டிராக்டர் உள்ளிட்ட விவசாய இயந்திரங்களுக்கு! நம் நாட்டு டிராக்டர் கதையில் முதல் அத்தியாயத்திலேயே கடன் வந்துவிடுகிறது.

வண்டி வந்தால் போதுமா? ஓட்டவும் பழுது பார்க்கவும் ஆள் வேண்டுமே. மத்தியப் பிரதேசத்தில் நர்மதைக் கரையில் இருக்கும் புத்னியில் 1955இல் டிராக்டர் பயிற்சி மையம் தொடங்கினார்கள். பிறகு ஹிசாரிலும், 1983இல் ஆந்திராவின் அனந்தபூர் அருகே கார்லதின்னேயிலும் இதே மாதிரி மையங்கள் வந்தன. புத்னி இன்று வண்டிகளைச் சோதித்து அறிக்கை கொடுக்கும் இடமாகப் பிரபலம். ஆனால் அதன் தொடக்கம் ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொடுத்த பள்ளிக்கூடம்.

இடையில் புதுப்புது வண்டிகள். 1956இல் ராஜஸ்தானின் சூரத்கரில் சோவியத் நாடு அன்பளித்த இயந்திரங்களோடு அரசுப் பண்ணை. 1959இல் ஃபரிதாபாத்தில் ஐஷர், இங்கேயே தயாரான முதல் டிராக்டர். 1960களில் மஹிந்திராவின் இன்டர்நேஷனல், எஸ்கார்ட்ஸ். 1971இல் பின்ஜோரில் செக்கோஸ்லோவாக்கியாவின் ஜெட்டர் தொழில்நுட்பத்தில் எச்.எம்.டி. 1974இல் துர்காபூர் ஆய்வகத்தில் நம் ஆட்களே வரைந்த 'ஸ்வராஜ்'. இது போக ரஷ்யா, கிழக்கு ஐரோப்பா என்று நாலா பக்கமிருந்தும் இறக்குமதி. ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு நட்டு, ஒவ்வொரு பேரிங். பார்ட்ஸ் வருவதற்குள் போகம் முடிந்துவிடும்.

இந்த நெருக்கடியில்தான் நம் கிராமத்து மெக்கானிக் பிறந்தான். லேத் பட்டறையில் ஷாஃப்ட் கடைவான். ஒரு வண்டியின் பேரிங்கை இன்னொரு வண்டிக்கு புஷ் வைத்து மாட்டுவான். உடைந்த கேஸிங்கை வெல்டிங் வைத்து ஒரு போகம் ஓட்ட விடுவான். எந்தப் புத்தகத்திலும் இவன் பெயர் இல்லை. ஆனால் பசுமைப் புரட்சியை ஓட்டியதில் இவனுக்கும் பங்கு உண்டு.

1969 ஜூலையில் வங்கிகள் தேசியமயமான பிறகு கிராமத்துக் கிளைகள் வழியாக டிராக்டர் கடன் ஓடத் தொடங்கியது. அதே 1969இல்தான் ரிசர்வ் வங்கி இங்கே புனேயில் விவசாய வங்கியியல் கல்லூரியை நிறுவியது. வண்டி விலையில் எத்தனை சதவீதம் கடன், எத்தனை ஏக்கருக்கு ஒரு வண்டி, எத்தனை வருஷத்தில் திருப்பிக் கட்ட முடியும் என்கிற கணக்கையெல்லாம் என் தலைமுறைக்கு முந்தைய ஆபீசர்கள் கற்றுக்கொண்டார்கள். அந்தக் கணக்கில் 'ரிப்பேர் செலவு' என்று ஒரு வரி வரும். ஆனால் அதை யார் செய்கிறார்கள் என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது. கம்பெனி ஆளா, ஊர் மெக்கானிக்கா, வண்டிக்காரரேவா? மொத்த லாபமும் அந்த விடுபட்ட கட்டத்தில்தான் ஒளிந்திருக்கிறது.

கடல் தாண்டியும் இதே கதைதான். இலங்கையின் வடக்கில் 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் டீசலும் பெட்ரோலும் தங்கம் மாதிரி. கொஞ்சம் பெட்ரோலை ஊற்றிக் கிளப்பி, மண்ணெண்ணெயில் எஞ்சினை ஓட்டினார்கள் யாழ்ப்பாணத்து மக்கள். 'உழவு இயந்திரம்' என்று அழகுத் தமிழில் அவர்கள் சொல்லும் வண்டிகளும் அப்படித்தான் உயிரோடு இருந்தன. புதிது வாங்க வழியில்லாத இடத்தில் பழுது பார்க்கும் கைதான் சொத்து.

முன் சக்கரம் எப்போது இழுக்க ஆரம்பித்தது?

பழைய டிராக்டர்களில் பின் சக்கரம் இரண்டுதான் இழுக்கும். முன் சக்கரம் திருப்புவதற்கு மட்டும். வண்டியின் எடையில் பின்னால் விழும் பங்குதான் இழுவைக்குப் பயன்படும். முன்னால் விழும் எடை சும்மா சவாரி. காய்ந்த மண்ணில் இது போதும். சேற்றில்? பின் சக்கரம் ஒரே இடத்தில் சுற்றி, குழி பறித்து, வண்டி வயிற்றை வைத்து உட்கார்ந்துவிடும்.

1950களில் இத்தாலியின் 'சேம்', இங்கிலாந்தின் 'கவுண்டி' போன்ற நிறுவனங்கள் நாலு சக்கர இழுவையை விவசாய டிராக்டரில் கொண்டுவந்தன. ஜப்பானியர்கள் நெல் வயலுக்கென்றே சின்ன, லேசான நாலு சக்கர வண்டிகளைச் செய்தார்கள். இந்தியாவில் பெங்களூரின் வி.எஸ்.டி., மிட்சுபிஷியோடு சேர்ந்து சின்ன வண்டிகளைக் கொடுத்தது. 2008 டிசம்பரில் குபோட்டா சென்னையில் இந்தியக் கம்பெனியைத் தொடங்கிய பிறகு நெல் பகுதிகளில் நாலு சக்கர வண்டி சகஜமாகியது. மற்ற கம்பெனிகளும் அதே வழியில் இறங்கின.

வேலை செய்யும் விதம் ரொம்பச் சிக்கலில்லை. கியர்பாக்ஸின் அடியில் ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் ஒரு ஸ்லீவ். லிவரைப் போட்டால் ஸ்லீவ் நகர்ந்து பற்களில் பொருந்தும். அங்கிருந்து வண்டியின் வயிற்றுக்கடியில் ஒரு ஷாஃப்ட் முன்னால் போகும். முன் அச்சில் கிரவுன் வீல், பினியன், டிஃபரன்ஷியல். அங்கிருந்து இரண்டு பக்கமும் அரை ஷாஃப்ட். கடைசியில் சக்கரத்தருகே வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் பற்சக்கரங்கள்.

ஒரு நுணுக்கம் மட்டும் உண்டு. முன் சக்கரம் சின்னது, பின் சக்கரம் பெரியது. இரண்டும் ஒரே தூரம் போக வேண்டும். உண்மையில் முன் சக்கரம் ஒரு சொட்டு அதிகமாகவே ஓடும்படி வைத்திருப்பார்கள். பின் சக்கரம் 100 மீட்டர் என்றால் முன் சக்கரம் 102, 103 மீட்டர் என்கிற மாதிரி. அப்போதுதான் முன் சக்கரம் இழுக்கும். இல்லாவிட்டால் பின்னால் வரும் தள்ளலில் இழுபடும். முன் டயர் தேய்ந்து பின் டயர் புதிதாக இருந்தாலோ, விலை குறைவு என்று வேறு அளவு டயரை மாட்டினாலோ இந்தக் கணக்கு கெட்டுவிடும். சேற்றில் சக்கரம் வழுக்கித் தப்பிக்கும். தார் ரோட்டில் வழுக்க வழியில்லை, முறுக்கம் முழுவதும் பற்களில் ஏறும். அதனால்தான் ரோட்டில் ஏறியதும் லிவரை எடுத்துவிடச் சொல்கிறார்கள். டயரில் மிச்சம் பிடித்த காசு கியரில் வட்டியோடு போகும்.

மன்னார்குடிப் பக்கம் ஒரு புளிய மரத்தடி

2025 ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறந்தது. குறுவைக்குச் சேறடிக்கும் நேரம். ஊரிலிருந்து தம்பி போன். "அண்ணே, முன் சக்கரம் இழுக்கலைண்ணே. லிவர் போட்டா கடகடங்குது." வண்டி வாங்கி ஆறு வருஷம், வாரன்டி முடிந்தாயிற்று. ஒரு பட்டறையில் காட்டியதில் முன் அச்சு முழுவதையும் இறக்கிப் பார்க்க வேண்டும், 38 ஆயிரம் ஆகும், பத்து நாளாவது வேண்டும் என்றிருக்கிறார்கள். அறுவடைக்குப் பிறகு கட்ட வேண்டிய அரையாண்டுத் தவணை வேறு காத்திருக்கிறது. (கடன் என் வங்கியில் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தூக்கம் இன்னும் குறைந்திருக்கும்.)

தம்பி உடனே பிரிக்கவில்லை, முதலில் எங்கே போயிருக்கிறது என்று கண்டுபிடித்தான். அந்த முறையைத்தான் இங்கே சொல்ல ஆசை.

கெட்டித் தரையில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தார்கள். முன் அச்சைத் தூக்கி ஜாக்கியை நம்பாமல் இரண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்தார்கள். கியரிலும் நாலு சக்கர லிவரிலும் போட்டுவிட்டு ஒரு முன் சக்கரத்தைக் கையால் சுற்றினான். சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள அச்சில் இதற்கு மூன்று பதில்தான் உண்டு. மற்ற சக்கரம் எதிர்த் திசையில் சுற்றினால், ஷாஃப்ட் பின்னால் ஒழுங்காகப் பிடிபட்டிருக்கிறது என்று அர்த்தம். ஷாஃப்டும் அசையாமல் மற்ற சக்கரமும் சுற்றாமல் இது மட்டும் சுற்றினால், அச்சுக்குள் ஏதோ உடைந்திருக்கிறது. வயிற்றுக்கடியில் உள்ள ஷாஃப்டே சேர்ந்து சுற்றினால், பின்னால் ஸ்லீவ் பிடிக்கவில்லை.

தம்பிக்குக் கிடைத்தது மூன்றாவது பதில். அதாவது முன் அச்சைத் தொடவே வேண்டாம். எங்கள் ஊர் மெக்கானிக் மாமாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆயிலை வடித்து, அடிப்பெட்டியை மட்டும் இறக்கினார்கள். ஸ்லீவின் பல் முனைகள் உருண்டு போயிருந்தன. அதைத் தள்ளும் ஃபோர்க்கும் தேய்ந்திருந்தது. ஸ்லீவ், ஃபோர்க், ஆயில் சீல், கேஸ்கெட், ஆயில், மாமாவுக்கு இரண்டு நாள் கூலி எல்லாம் சேர்த்து 9 ஆயிரத்துச் சொச்சம். மூன்றாம் நாள் வண்டி சேற்றில் இறங்கியது.

என் புத்திக்கு எட்டிய கணக்கு இது. கையில் மிஞ்சியது 29 ஆயிரம் மட்டுமில்லை. ஏழு நாள். குறுவையில் ஏழு நாள் என்பது நாற்றின் வயது. நாற்று முற்றிப்போனால் விளைச்சலில் அடிக்கும், அதை எந்த பில்லிலும் பார்க்க முடியாது.

அதற்காக எல்லாவற்றையும் வீட்டிலேயே பிரிக்கலாம் என்று சொல்ல வரவில்லை. சக்கரத்தருகே ஆயில் சீல், ஷாஃப்டின் யுனிவர்சல் ஜாயின்ட் கிராஸ், லிவர் கம்பி, ஆயில் மாற்றுவது இதெல்லாம் நிதானமாகச் செய்யக்கூடியவை. கிரவுன், பினியன் மாற்றுவது வேறு ஜாதி வேலை. இரண்டுக்கும் இடையில் உள்ள இடைவெளியை மில்லிமீட்டரின் சிறு பங்கில், மெல்லிய ஷிம் தகடு வைத்து, டயல் கேஜில் பார்த்துச் சரி செய்ய வேண்டும். கண் மதிப்பில் மாட்டினால் புதுசெட்டும் சீக்கிரமே ஊளையிடும். அதற்குப் பட்டறைதான் சரி. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பதோ, எந்தக் காலத்திலும் வேண்டாம். மிச்சம் பிடிக்கும் காசு உயிருக்கு ஈடாகாது.

இன்னொரு செய்தி. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. டிராக்டர் டயருக்கும் பாகங்கள் பலவற்றுக்கும் 18லிருந்து 5. தம்பி வண்டி மூன்று மாதம் பொறுத்துப் படுத்திருந்தால் கொஞ்சம் மிஞ்சியிருக்கும், ஆனால் வண்டிக்கு பட்ஜெட் தெரியாதே!

அடுத்த ஸ்பேனர் யார் கையில்?

தம்பியால் இதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், அந்த ஸ்லீவை லிவர்தான் தள்ளுகிறது, கம்ப்யூட்டர் இல்லை. இது எத்தனை நாளைக்கு?

அமெரிக்காவில் இது பெரிய சண்டையாகவே நடந்தது. வண்டிக்குள் மென்பொருள் வந்ததும், பார்ட்டை மாற்றினாலும் கம்பெனியின் மென்பொருள் ஒப்புக்கொண்டால்தான் ஓடும் என்கிற நிலை வந்தது. விவசாயிகள் 'பழுது பார்க்கும் உரிமை' என்று கேட்க ஆரம்பித்தார்கள். 2023 ஜனவரியில் ஜான் டீர் நிறுவனம் அங்கத்திய விவசாயிகள் சம்மேளனத்தோடு ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. அதே வருஷம் கொலராடோ மாநிலம் விவசாய இயந்திரங்களுக்கென்றே இந்த உரிமையைச் சட்டமாக்கியது. 2025 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் அந்த நிறுவனத்தின் மீது வழக்கும் தொடுத்தது.

நம் நாட்டிலும் 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை இதற்காக ஒரு குழு அமைத்தது. முதலில் எடுத்துக்கொள்ள அடையாளம் கண்ட நாலு துறைகளில் விவசாயக் கருவிகளும் ஒன்று. அதே வருஷ டிசம்பரில் இதற்கென ஓர் இணையதளமும் திறந்தார்கள். இன்னொரு பக்கம், 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் கடுமையான புகை விதிகள் வந்தன. அந்த எஞ்சின்களில் டீசலை எப்போது, எவ்வளவு பீய்ச்ச வேண்டும் என்று தீர்மானிப்பது எலெக்ட்ரானிக் பெட்டி. காற்றுக்கு நல்லதுதான். ஆனால் புளிய மரத்தடியில் அந்தப் பெட்டியோடு பேச மாமாவிடம் ஸ்பேனர் இல்லை. அதற்கு ஒரு ஸ்கேனர் வேண்டும், அது பேசும் பாஷை அவருக்கும் கிடைக்க வேண்டும்.

லட்சுமணராவ் கிர்லோஸ்கர் 1900களின் தொடக்கத்தில் இரும்புக் கலப்பை செய்தபோது, இரும்பு பட்டால் மண் விஷமாகிவிடும் என்று இந்த மகாராஷ்டிரத்து விவசாயிகள் வாங்கத் தயங்கினார்களாம். பயம் போனது எப்படி? கையில் பிடித்து, தேய்த்து, கழற்றி, மாட்டிப் பார்த்துத்தான். புரிந்த பொருள்தான் நமக்குச் சொந்தமாகும். ஆர்.சி. புத்தகத்தில் பேர் இருந்தால் மட்டும் போதாது.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நமக்கு இதில் என்ன வேலை? ஊரில் தம்பியோ மச்சானோ வண்டி வாங்கப் போகிறேன் என்று போன் செய்வார்கள், நாமும் பணம் அனுப்புவோம். அப்போது குதிரைத்திறனையும் தவணையையும் கேட்பதோடு நிறுத்தாமல் இன்னும் மூன்று கேள்வி கேளுங்கள். சர்வீஸ் மேனுவலும் பார்ட்ஸ் புத்தகமும் தருவார்களா? பார்ட்ஸ் பக்கத்து டவுனில் கிடைக்குமா? வெளி மெக்கானிக் கை வைத்தால் வாரன்டி என்னாகும்? இந்த மூன்றுக்கும் டீலர் எழுத்தில் பதில் கொடுத்தால் முன்பணம் கட்டச் சொல்லுங்கள்.